காற்றில் மிதப்பதும் ஜன்னலில் படிவதும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் புகைமூட்டத்தைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. காற்றிலுள்ள தூசைப் பிடித்து நிறுக்கிற வேலையில் பினாங்கில் 26 ஆண்டுகள் இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் யாராவது இதைப் பற்றிக் கேட்டால் மனசு நேரே அந்தத் தராசு அறைக்குப் போய்விடும். ஆகவே இந்த இதழில் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

அக்கா, காலையில் துடைத்த ஜன்னல் சட்டம் சாயங்காலத்துக்குள் கறுத்துப்போகிறது. கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் புள்ளி புள்ளியாகக் கரி. கைப்பேசியில் பார்த்தால் ஐபியு 58, ‘மிதம்’ என்கிறது. என் கண்ணை நம்புவதா, அந்த எண்ணை நம்புவதா? (வாசகி, பிறை)

இரண்டையும் நம்புங்கள் அம்மா. இரண்டும் வேறு வேறு தூசைப் பற்றிச் சொல்கின்றன.

உங்கள் ஜன்னலில் இருப்பது படிந்துவிட்ட தூசு. ஐபியு என்று நாம் சொல்லும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு கணக்கில் எடுப்பது, படியாமல் மிதந்துகொண்டே இருக்கிற தூசை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான் இருக்கும். பத்து மைக்ரானுக்கு உட்பட்ட துகளை பிஎம்10 என்றும், இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்டதை பிஎம்2.5 என்றும் சொல்வோம். காற்றே அசையாத ஓர் அறையில் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரம், ஒரு துகளை விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் அடர்த்தி உள்ள பத்து மைக்ரான் துகள் தரைக்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். இரண்டரை மைக்ரான் துகளுக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். ஒரு மைக்ரான் துகளுக்கு மூன்று நாள். வெளியே காற்று சும்மா நிற்பதில்லை. அதனால் அந்தப் பொடிசு உங்கள் ஜன்னலில் உட்காருவதே அபூர்வம். அது நேரே மூச்சோடு போய்விடும்.

கரித்தூசை விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் சாலைப் புழுதி, சிமெண்ட், மணல் வகை. வழவழவென்று கறுப்பாக இழுத்தால் டீசல் லோரியோ கொதிகலனோ எதையோ எரித்ததில் வந்த கரி. பெரிய தூசு பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். நுரையீரலின் கடைசிக் காற்றுப் பை வரைக்கும் போவது கண்ணுக்குத் தெரியாததுதான். ஆனால் பெரிய கரி விழுகிற இடத்தில் சின்னதும் கூடவே வந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் உங்கள் கவலை நியாயமானது.

இன்னொன்று. உங்களுக்குப் பக்கத்து நிலையம் செபராங் ஜெயாவில் இருக்கிறது. 58 என்பது அந்த நிலையத்தின் குழாய் இழுத்த காற்று. உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு புகைபோக்கி இருந்தால், காற்று இந்தப் பக்கம் அடிக்கும் நேரத்தில் உங்கள் வீட்டு எண் வேறு. புகார் கொடுப்பதென்றால் ‘தினமும் தூசு’ என்று எழுதாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று இரண்டு வாரத்துக்குக் குறித்து, படத்தோடு சுற்றுச்சூழல் துறையிடம் கொடுங்கள். அப்படி வருகிற புகாரை வைத்துக்கொண்டுதான் அதிகாரி ஒருவர் எந்த வாசலில் போய் நிற்பது என்று முடிவு செய்ய முடியும்.

தூசை எப்படி நிறுக்க முடியும்? அதற்கு எடை இருக்கிறதா என்ன? (கல்லூரி மாணவர், ஜார்ஜ்டவுன்)

இருக்கிறது தம்பி. அந்த எடைக்காகத்தான் என் வாழ்க்கையில் பாதியைச் செலவழித்தேன்.

இரண்டு ரிங்கிட் நோட்டை விடச் சின்னதாக, உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டத் தாள் ஒன்று. அதை ஃபில்டர் என்றே சொல்வோம். வெளியே கொண்டுபோவதற்கு முன் 24 மணி நேரம் அதைத் தராசு அறையிலேயே வைப்போம். அறையில் 20 முதல் 23 டிகிரி வெப்பம், 30 முதல் 40 சதவீத ஈரப்பதம். பினாங்கின் ஈரக் காற்றில் அந்தத் தாள் தண்ணீரை இழுத்துக் கனத்துவிடும் என்பதால் இந்தப் பாடு. அப்புறம் இடுக்கியால் எடுத்து, தாளில் ஒட்டியிருக்கும் நிலைமின்சாரத்தைப் போக்கி, ஒரு மைக்ரோகிராம் வரை காட்டும் தராசில் வைப்போம். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வருவது ஒரு மைக்ரோகிராம். கதவு வேகமாகச் சாத்தப்பட்டாலே எண் ஆடும். வெறும் விரல் பட்டால் அந்தத் தாளை ஒதுக்கிவிட வேண்டியதுதான், வியர்வையின் உப்பும் எண்ணெயும் தராசில் வந்துவிடும். அந்த அறைக்குள் போனால் நானும் என் தோழியும் பேச மாட்டோம், கையால்தான் ஜாடை காட்டுவோம்.

அதன் பிறகு அந்தத் தாள் கருவிக்குள் போகும். பம்ப் ஒன்று நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுக்கும். ஒரு நாளுக்கு 24 கனமீட்டர். காற்று உள்ளே நுழையும் வழியில் சட்டென்று ஒரு திருப்பம் வைத்திருப்பார்கள். பெரிய துகள் வேகத்தில் திரும்ப முடியாமல் நேரே போய்த் தட்டில் ஒட்டிக்கொள்ளும், சின்னது காற்றோடு வளைந்து தாளுக்கு வந்துவிடும். அந்தத் தாளைத் திரும்பக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தால், முதல் எடையை விடக் கூடியிருப்பதுதான் தூசின் எடை. ஒரு கன மீட்டருக்கு 25 மைக்ரோகிராம் பிஎம்2.5 இருக்கிற நாளில், ஒரு பகலும் ஒரு இரவும் இழுத்த பிறகு தாளில் சேர்வது 600 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராம் கூட இல்லை. தாளில் மெல்லிய சாம்பல் வட்டம் ஒன்று தெரியும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு முறையும் கூடவே இன்னொரு தாளையும் எடுத்துப்போவோம். அதை அந்த இடத்துக்குக் கொண்டுபோய், கருவியில் வைத்து, காற்று இழுக்காமலே திரும்ப எடுத்து வருவோம். அதன் எடை கூடியிருந்தால் தப்பு நம் கையில் அல்லது பெட்டியில். இந்த வெற்றுத் தாளைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும் விட அக்கறையாகப் பார்ப்பேன்.

இப்போது நிலையங்களில் மணிக்கு மணி எண் வருவது தானியங்கிக் கருவிகளிலிருந்து. ஒரு வகையில் நாடா ஒன்று மெல்ல நகரும், அதில் தூசு வட்டம் விழும், கார்பன்-14 என்ற கதிரியக்கப் பொருள் விடும் பீட்டா கதிர் அந்த வட்டத்தைத் தாண்டி எவ்வளவு குறைகிறது என்று பார்த்து எடை சொல்லும். இன்னொரு வகையில் அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு முனையில் தூசு ஏற ஏற அதிர்வு தளரும், அதிலிருந்து எடை வரும். இவற்றையும் அவ்வப்போது அந்தத் தாளோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்க்க வேண்டும்.

என் கைப்பேசிச் செயலி 124 என்கிறது. அதே காலையில் அரசாங்க ஐபியு 67. யார் பொய் சொல்கிறார்கள்? (வாசகர், செராஸ், கோலாலம்பூர்)

யாரும் இல்லை. நம் ஐபியுவில் நுண்துகளுக்கான எண் கடந்த 24 மணி நேரத்தின் சராசரியிலிருந்து வருகிறது. செயலிகள் பலவும் இந்த நேரத்து அளவைக் காட்டுபவை. நேற்றுப் பகல் நன்றாக இருந்து இன்று விடியற்காலையில் புகை இறங்கினால் சராசரி மெதுவாகத்தான் ஏறும். புகை விலகினாலும் அதே மெதுவோடுதான் இறங்கும். அடுத்தது, மைக்ரோகிராமைக் குறியீட்டு எண்ணாக மாற்றும் அட்டவணை நாட்டுக்கு நாடு வேறு. பல செயலிகள் அமெரிக்க அட்டவணையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே குறியீட்டோடு குறியீட்டை ஒப்பிடாதீர்கள். செயலியில் ஒரு தட்டுத் தட்டினால் மைக்ரோகிராம் கணக்கு வரும், அதைப் பாருங்கள்.

மூன்றாவது காரணம் ஈரம். செயலியில் வரும் சில புள்ளிகள் யாரோ ஒருவர் வீட்டுப் பால்கனியில் மாட்டிய சிறு கருவிகள். அவை தூசை நிறுப்பதில்லை, லேசர் ஒளியைப் பாய்ச்சி எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்து எடையை ஊகிக்கின்றன. நம் ஊரில் விடியற்காலை ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். உப்புத் தன்மையுள்ள துகள் அப்போது தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். லேசருக்கு அது பெரிய தூசு. நிலையத்துக் கருவி காற்றை உலர்த்திவிட்டு நிறுக்கும். காலை ஏழு மணிக்குச் சிறு கருவி காட்டுவதில் ஒரு பங்கு வெறும் பனி.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். மலேசியாவில் பிஎம்2.5 ஐபியு கணக்கில் சேர்ந்தது 2018 ஆகஸ்டில்தான். 1997இல் கூச்சிங்கில் 839, 2013 ஜூனில் மூவாரில் 746 என்றெல்லாம் ஏறியது பிஎம்10 வைத்துப் போட்ட பழைய கணக்கு. அந்த எண்களை இன்றைய எண்ணோடு வரிசையாக வைத்துப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அப்பாவுக்கு மூச்சிரைப்பு. பட்டணத்துக் காற்று வேண்டாம் என்று சுங்கை பட்டாணிப் பக்கம் பழைய தோட்டத்து வீட்டுக்கே திரும்பப் போய்விட்டார். அங்கே காற்று உண்மையிலேயே சுத்தம்தானா? எங்கள் தோட்டத்துக்கென்று எண் எதுவும் இல்லையே? (வாசகி, பாயான் லெப்பாஸ்)

இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நானும் லயத்து வீட்டில் பிறந்தவள். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகைக்கு எதிர் வரிசையில் எங்கள் வீடு. அந்த வாசனை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். அம்மா விறகடுப்பில் ஊதாங்குழலால் ஊதிக்கொண்டே இருமுவாள். அதை நாங்கள் யாரும் நோய் என்று நினைக்கவில்லை, அடுப்பு என்றால் இருமல் என்று நினைத்தோம்.

பொதுவாகப் பார்த்தால் கிராமத்தில் நுண்துகள் நகரத்தை விடக் குறைவுதான். வாகனம் குறைவு, ஆலை குறைவு. உங்கள் அப்பா நினைத்தது தப்பில்லை. ஆனால் ‘எண் இல்லை’ என்பதை ‘தூசு இல்லை’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாடு முழுவதும் தானியங்கி நிலையங்கள் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. மக்கள் நெருக்கமாக இருக்கும் இடங்களில்தான் அவற்றில் பெரும்பாலானவை. பகாங் ஜெராண்டுட்டில் இருப்பது போல, நகரத்துப் புகை படாத காற்று எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காகவே வைத்தவை மிகக் கொஞ்சம். சபாவின் டானும் பள்ளத்தாக்கு மழைக்காட்டில் வானிலைத் துறையும் ஒரு நிலையம் நடத்துகிறது. நகரத்து நிலையங்களுக்கும் இந்தக் காட்டுப் பக்கத்து நிலையங்களுக்கும் நடுவில் இருக்கிற தோட்டம், கம்பம் என்கிற மலாய்க் கிராமம், வயல்காட்டு ஊர்களுக்குப் பக்கத்து டவுன் எண்தான் இரவல்.

ஒருமுறை செம்பனைத் தோட்டத்தில் தூசு எடுக்கப் போனோம். நகரத்துத் தாளில் விழும் வட்டம் கறுப்புச் சாம்பல் நிறம், டீசல் கரி. தோட்டத்துத் தாளில் விழுந்தது தேயிலைக் கறை போன்ற பழுப்பு. விறகு, இலை, குப்பை எரிகிற புகைக்கு அந்த நிறம் உண்டு. மணிக்கணக்கில் காட்டும் கருவியையும் பக்கத்தில் வைத்திருந்தோம். நகரத்தில் காலை வேலைக்குப் போகும் நேரம் ஒரு மேடு, சாயங்காலம் ஒரு மேடு. அங்கே மேடு வந்தது வேறு நேரத்தில். ஆறு மணிக்கு மேல் வாசலைக் கூட்டி இலையைக் குவித்துக் கொளுத்தினார்கள், கொசுவுக்குப் புகை போட்டார்கள். சூரியன் இறங்கியதும் தரைக்கு அருகில் குளிர்ந்த காற்று மூடி போட்டது போல நின்றுவிடும், புகை மேலே ஏறாது. வீட்டு வரிசை மட்டத்திலேயே கிடக்கும். பகல் முழுக்கச் சுத்தமாக இருந்ததால் 24 மணி சராசரி போட்டால் அந்த இரண்டு மணி நேரம் கரைந்து போகிறது. உங்கள் அப்பா அந்த இரண்டு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார் இல்லையா?

அந்த வேலையில் நடந்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். முதலில் ஊர் மண்டபத்துக்குப் பின்னால் கருவியை வைத்தோம், மின்சாரம் கிடைக்கிறது என்பதற்காக. இரண்டாம் நாள் தாளை எடுத்தால் காப்பித்தூள் நிறம். சுற்றிப் போய்ப் பார்த்தால் ஐந்து மீட்டரில் கல்யாணச் சமையல், மூன்று அடுப்பு விறகு. நாங்கள் அளந்தது ஊர்க் காற்றை இல்லை, சாம்பார்ப் புகையை. அந்த வாரத்துக் கணக்கை அப்படியே தள்ளிவிட்டு வேறு இடத்தில் மறுபடி ஆரம்பித்தோம். மனசு வலித்தது, ஆனாலும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ‘தோட்டத்துக் காற்று இப்படி’ என்று எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

புகைமூட்டக் காலத்தில் ஊர், நகரம் என்ற வித்தியாசமே போய்விடும். 2013இல் நாட்டிலேயே மிக மோசமான எண் வந்தது தலைநகரிலா? இல்லை, மூவாரில். வடக்கே நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமத்ராப் புகை என்றால், மார்ச், ஏப்ரலில் தாய்லாந்து, மியன்மார் பக்கத்துக் காட்டுப்புகையும் வரும்.

அப்பாவுக்கு என்ன செய்யலாம்? சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை அவரை வீட்டுக்குள் வைத்து, எரிக்கிற பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். விறகடுப்பு இருந்தால் கேஸுக்கு மாற்றிக் கொடுங்கள். இது எல்லாவற்றையும் விட முக்கியம். பக்கத்து வீட்டுக்காரரிடம் கோபிக்காமல் போய்ப் பேசுங்கள், ‘அப்பாவுக்கு முடியவில்லை, இலையைக் குழி வெட்டிப் போட்டு மக்க வையுங்கள் அண்ணே’ என்று. மருந்தையும் மருத்துவரையும் மாற்ற வேண்டாம்.

மழை பெய்தால் காற்று கழுவப்பட்டுவிடும் அல்லவா? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

பெரிய தூசு கழுவப்படும். ஒரு மைக்ரானுக்குக் கீழே உள்ளது மழைத்துளியைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போய்விடும். நல்ல மழை அடித்துப் பெய்தால் கொஞ்சம் குறையும், தூறலுக்கு அசையாது.

பையனுக்கு ஆஸ்துமா என்பதால் தூசு காட்டும் சிறு கருவி ஒன்று வாங்கினோம். பகலில் 15, 20. ராத்திரி அவன் தூங்கிய பிறகு அறையில் 200க்கு மேல் ஓடுகிறது. கருவி கெட்டுவிட்டதா? (வாசகி, ஜெலுத்தோங் அடுக்குமாடி)

கருவியைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று கேட்கிறேன். அறையில் கொசுவத்திச் சுருள் கொளுத்துகிறீர்களா?

2003இல் வெளியான ஓர் ஆய்வு, சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திகளை எரித்துப் பார்த்தது. ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் பிஎம்2.5, 75 முதல் 137 சிகரெட்டில் வருவதற்குச் சமம் என்று அதில் வந்தது. மூடிய அறையில், குழந்தையின் தலைமாட்டில். இதை முதலில் படித்த அன்றைக்கே எங்கள் வீட்டுச் சுருளையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு வலை வாங்கினேன். டிங்கிப் பயமும் உண்மைதான், கொசுவை விட்டுவிடச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வலை அடியுங்கள், பூச்சட்டித் தட்டில் தண்ணீர் நிற்காமல் பாருங்கள், கட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள்.

சாமி அறை ஊதுபத்திக்கும் சாம்பிராணிக்கும் இதே கணக்குத்தான். நானும் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறவள். ஜன்னலைத் திறந்துவைத்துப் போடுகிறேன், பேரப்பிள்ளை வந்திருந்தால் கற்பூரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், அதையும் சீக்கிரம் அணைத்துவிடுவேன்.

நாளை இரவு சுருள் இல்லாமல் அதே கருவியை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். அதன் எண் மிகச் சரியாக இல்லாவிட்டாலும், நேற்றுக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை அது நம்பும்படி காட்டும்.

எத்தனை மைக்ரோகிராம் வரைக்கும் பயமில்லை? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள். (வாசகர், கிள்ளான்)

ஒரே எண் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் பிஎம்2.5க்கு ஆண்டுச் சராசரி 10, ஒரு நாளுக்கு 25 என்றது. 2021இல் அதையே 5 என்றும் 15 என்றும் இறக்கியது. நம் நாட்டின் 2020 தரம் ஆண்டுக்கு 15, நாளுக்கு 35. காற்று மாறவில்லை, அது உடம்பில் என்ன செய்கிறது என்ற அறிவு கூடியிருக்கிறது. குறைந்தால் குறைந்த அளவுக்கு நல்லது, இதுதான் என் பதில். உங்களுக்குப் பக்கத்தில் ஜொஹான் செத்தியாவில் கரிமண் (மக்கிய செடிகொடி சேர்ந்த சதுப்பு மண்) எரியும்போது கிள்ளான் எண்ணோடு ஜொஹான் செத்தியா எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

நான் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எங்கள் தோட்டத்தில் எட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு சிறு கருவியால் காற்றை அளக்கலாம் என்று ஆசை. எங்கே வைப்பது? (வாசகர், கூலிம் அருகே)

ஐயா, உங்கள் கடிதத்தைப் பார்த்து எனக்கு வேலைக்குத் திரும்பப் போகலாம் போல் இருந்தது.

தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குக் குறையாத உயரம். மரத்தடி வேண்டாம், இலையே தூசைப் பிடித்துக்கொள்ளும். கூரைக்குக் கீழே, வெயிலும் மழையும் நேரே படாமல், ஆனால் காற்று நாலு பக்கமும் வந்து போகும்படி. அடுப்பு, குப்பைக் குழி, மோட்டார் நிறுத்தும் இடம், கோழிக் கொட்டகை இவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. முதல் ஒரு வாரம் கருவியை எடுத்துக்கொண்டு பக்கத்து டவுனில் அரசாங்க நிலையம் இருக்கும் இடத்துக்கு அருகில் தெரிந்தவர் வீட்டில் வைத்து, இரண்டு எண்ணையும் ஒப்பிட்டு எவ்வளவு கூடுதலாகக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஈரப்பதமும் கூடவே எழுத வேண்டும், 85 சதவீதத்துக்கு மேல் போன மணிகளில் ஒரு நட்சத்திரம் போட்டுவையுங்கள்.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மணி நேரம் பங்கு போட்டுக் கொடுங்கள். எண்ணை மட்டும் எழுதவிடாதீர்கள், அந்த நேரத்தில் என்ன வாசனை வந்தது, ஆலைப் புகை எந்தப் பக்கம் சாய்ந்தது, யார் வீட்டில் எரித்தார்கள் என்றும் எழுதச் சொல்லுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் கருவி இருக்கும் இடத்தைப் படமாக வரைந்து, உயரத்தையும் அடுப்பிலிருந்து எத்தனை அடி என்பதையும் குறியுங்கள். கருவியை ஒரு அடி நகர்த்தினாலும் தேதி போட்டுப் புதுப் படம். மூன்று மாதம் ஆனதும் அந்த நோட்டின் நகலை எனக்கு இதழ் முகவரிக்கு அனுப்பிவையுங்கள், பிள்ளைகள் பெயரோடு.